பழைய பிக்-அப் வண்டி: பின் ஆக்ஸிலின் பல் விகிதத்தைக் கண்டறிவது எப்படி?

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் சுற்று வட்டாரத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் நிலங்களில் கீரை, கத்தரி, வெண்டை, பூ முதலியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு உள்ள பெரிய வசதி, மார்க்கெட் அருகில் இருப்பதுதான். கொத்தவால் சாவடியில் நடந்து வந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996-ஆம் ஆண்டு கோயம்பேட்டிற்கு மாறிய பிறகு இந்த வசதி மேலும் கூடியது. ஆனால் விடியற்காலையில் பறித்த கீரை வாடுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டுமானால், கைவசம் ஒரு வண்டி இருக்க வேண்டும். புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பழைய பிக்-அப் வண்டி ஒன்றை வாங்கி ஓட்டுவது வழக்கம்.

பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின், டயர், பாடி, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். பின் டிபரன்ஷியலில் உள்ள பல் விகிதத்தைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அதைத் தெரிந்துகொள்ளாமல் உதிரிப் பாகம் வாங்கினால் பணம் வீணாகும். விகிதம் மாறிப் பொருத்தினால் வண்டி இழுக்காது. அல்லது எஞ்சின் வீணாகக் கதறும். இந்த விகிதத்தைக் கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஜாக்கி, ஒரு துண்டு சாக்பீஸ், இரண்டு ஆட்கள், ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

விகிதம் என்பது என்ன?

கியர் பாக்ஸிலிருந்து பின்னால் ஓடும் நீண்ட தண்டை மெக்கானிக்குகள் புரொபெல்லர் ஷாப்ட் என்பார்கள். இங்கே அதைத் தண்டு என்றே குறிப்பிடுவோம். இந்தத் தண்டின் முனை, பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தெரியும் கூட்டுக்குள் நுழைகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பற்சக்கரமும், கிரௌன் என்ற பெரிய பற்சக்கரமும் ஒன்றோடொன்று கடித்துச் சுற்றுகின்றன. கிரௌனில் உள்ள பற்களின் எண்ணிக்கையைப் பினியனில் உள்ள பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே பல் விகிதம். கிரௌனில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 4.875. அதாவது தண்டு 5 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றும்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலஸ் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தின் பல் வட்டு சற்றுப் பெரிதாக இருந்தால் மூட்டையோடு மிதிப்பது லேசாக இருக்கும். ஆனால் வேகம் குறையும். சிறிதாக இருந்தால் வேகம் கிடைக்கும்; பாரத்தோடு மிதிக்க முடியாது. வண்டியின் டிபரன்ஷியலிலும் இதே கணக்குத்தான். விகித எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் கூடும், இழுவை குறையும்.

எண் மாறினால் என்ன ஆகும்?

கணக்கோடு பார்ப்போம். 6.00-16 அளவுள்ள டயர் ஒரு முறை உருண்டால் வண்டி ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 379 சுற்றுச் சுற்றும். டாப் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் பழைய மாதிரி நான்கு கியர் வண்டி என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் சுற்றும் வேகம் கீழ்க்கண்டவாறு இருக்கும்:

விகிதம் 5.375 ஆனால், நிமிடத்திற்குச் சுமார் 2,036 சுற்று.
விகிதம் 4.875 ஆனால், சுமார் 1,847 சுற்று.
விகிதம் 4.27 ஆனால், சுமார் 1,617 சுற்று.

அதே வண்டி, அதே வேகம். ஆனால் எஞ்சினுக்கு வேலையில் இவ்வளவு வித்தியாசம். 5.375 இருந்த இடத்தில் 4.27 பொருத்தினால் சக்கரத்திற்குக் கிடைக்கும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஈரமான வயலோரத்திலிருந்து பாரத்தோடு ரோட்டுக்கு ஏறும்போது டிரைவர் கிளட்சை அரைகுறையாக மிதித்து இழுக்க வேண்டி வரும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். இதற்கு மாறாக, 4.27 இருந்த இடத்தில் 5.375 பொருத்தினால் இழுவை கால் பங்குக்குமேல் கூடும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் கூடுதலாகச் சுற்றி, டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

புத்தகத்தில் உள்ளதை மட்டும் நம்பலாமா?

ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண், சேஸிஸ் எண் போன்றவை உண்டு. பல் விகிதம் இருக்காது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி ஏஜெண்டு, அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது என்ன விகிதம் இருந்தது என்று சொல்லக்கூடும். ஆனால் இடைப்பட்ட வருடங்களில் யார் யார் எதை எதை மாற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

இதற்கு ஜீப் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லீஸ் ராணுவ ஜீப்பின் விகிதம் 4.88. அதாவது கிரௌன் 39, பினியன் 8. போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகை வில்லீஸ் ஜீப்புகளில் இது 5.38 ஆயிற்று. கிரௌன் 43, பினியன் 8. மஹிந்திரா கம்பெனி நம் நாட்டில் பல்லாண்டு காலம் தயாரித்த சி.ஜே.-3பி ஜீப்பும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. வெளிப்பார்வைக்கு எல்லா ஜீப்புகளும் ஒரே ஜாடைதான். உள்ளே பல் வேறு.

பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றக் கூடியது. வில்லீஸ் எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்று வரை போகும். அதற்கு 5.38 பொருத்தமாக இருந்தது. பிறகு பெட்ரோல் விலை ஏற ஏற, பலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். பழைய டீசல் எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. ஆகவே வண்டி ரோட்டில் மெதுவாகப் போயிற்று. அதைச் சரி செய்யச் சிலர் டிபரன்ஷியலையும் மாற்றினார்கள், சிலர் மாற்றவில்லை. இப்படிக் கை மாறி, பாகம் மாறி வந்த வண்டிகளுக்குப் பின்பக்கம் பாடி கட்டி பிக்-அப் ஆக்கியதும் உண்டு. புத்தகம் வண்டி பிறந்தபோது இருந்ததைச் சொல்லும். இப்போது இருப்பதை நாமேதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் வழி: தகட்டைப் பார்த்தல்

டிபரன்ஷியல் கூட்டின் பின்மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றின் அடியில் சிறிய உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜீப் வகை ஆக்ஸில்களில் இப்படித் தகடு வைப்பது வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் எண்கள் தெரியும். விகிதமோ அல்லது 43, 8 என்பது போன்ற பல் எண்ணிக்கையோ அதில் வெட்டப்பட்டிருக்கும்.

தகடு கிடைத்தால் நல்லது. ஆனால் அதுவே முடிவான சாட்சி அல்ல. கிரௌனை மாற்றியவர் பழைய தகட்டையே மீண்டும் மாட்டியிருக்கலாம். பல வண்டிகளில் தகடு எப்போதோ விழுந்து போயிருக்கும். ஆகவே இரண்டாவது வழியையும் செய்து பார்ப்பது அவசியம்.

இரண்டாவது வழி: சக்கரத்தைச் சுற்றி எண்ணுதல்

வண்டியைப் பிரிக்காமலே விகிதத்தை அறிய இதுவே சிறந்த வழி. வாங்குவதற்கு முன்பே, விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் பாதுகாப்பு. பாரம் ஏதும் இல்லாமல், சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். வயல் மண்ணாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைக்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இந்தச் சோதனைக்கு வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். கைப் பிரேக்கும் விடுபட்டிருக்க வேண்டும். ஆகவே கட்டை ஒன்றுதான் வண்டி உருளாமல் காக்கும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தரையை விட்டு உயர்த்துங்கள். மற்ற பின் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். உயர்த்திய பக்கம் ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை கொடுத்துத் தாங்க வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது; அவை எச்சரிக்கை இல்லாமல் பொடிந்து விடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

கைப் பிரேக்கை விடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில பழைய ஜீப்புகளில் கைப் பிரேக், சக்கரத்தைப் பிடிக்காமல் தண்டையே பிடிக்கும். அதை விடாவிட்டால் தண்டு அசையாது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால் முன் சக்கர இழுவை லீவரை விலக்கி வைத்திருக்க வேண்டும்.

இனி எண்ணும் முறை:

1. உயர்த்திய சக்கரத்தை முன்னோக்கி மெல்லத் திருப்பி, பற்களுக்கிடையே உள்ள ஆட்டம் தீர்ந்து தண்டு நகரத் தொடங்கும் நிலையில் நிறுத்துங்கள்.

2. டயரின் பக்கவாட்டில் ஒரு கோடும், அதற்கு நேராக வண்டியின் பாடியில் ஒரு கோடும் சாக்பீஸால் போடுங்கள்.

3. தண்டு டிபரன்ஷியலுடன் சேரும் இடத்தில் தண்டின் மேல் ஒரு கோடும், அசையாத கூட்டின் மேல் அதற்கு நேராக ஒரு கோடும் போடுங்கள்.

4. ஒருவர் சக்கரத்தை ஒரே திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். மற்றவர் வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தபடி, டார்ச் விளக்கு அடித்துத் தண்டின் சுற்றுகளை எண்ண வேண்டும்.

5. சக்கரம் சரியாக 20 சுற்று முடிந்ததும் நிறுத்தி, தண்டு எத்தனை முழுச் சுற்றும், அதற்கு மேல் எத்தனை கால் சுற்றும் சுற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. தண்டின் சுற்றை 10-ஆல் வகுங்கள். கிடைப்பதே பல் விகிதம்.

சக்கரம் 20 சுற்றுச் சுற்றியிருக்க, ஏன் 10-ஆல் வகுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சக்கரம் தரையில் அசையாமல் இருக்க மற்றது மட்டும் சுற்றினால், டிபரன்ஷியலின் அமைப்பினால் கிரௌன் அதில் பாதி அளவே சுற்றும். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் கிரௌன் ஒரு சுற்று. ஆகவே சக்கரம் 20 சுற்று என்பது கிரௌனுக்கு 10 சுற்று. இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். ஒரு சக்கரத்தைத் தூக்கி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, தண்டு இரண்டரைச் சுற்றுக்குக் கிட்ட வந்தது, ஆகவே விகிதம் இரண்டரை என்று சொல்லி விடுவார்கள். உண்மையில் அது ஐந்துக்குக் கிட்ட உள்ள விகிதம். பழைய பிக்-அப் வண்டிகளில் விகிதம் பெரும்பாலும் மூன்றரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருக்கும். அதற்கு மிகக் குறைந்து வந்தால் எண்ணியதில் பிசகு என்று கொள்ளலாம்.

ஒரு சுற்றுக்குப் பதில் 20 சுற்று சுற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 4.10-க்கும் 4.27-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சுற்றில் கண்ணுக்குப் பிடிபடாது. 20 சுற்றில் அது தண்டில் ஒன்றரைச் சுற்றுக்குமேல் வித்தியாசமாகத் தெரியும்.

கீழே உள்ள கணக்கை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி 20 சுற்றுச் சுற்றும்போது:

தண்டு 37¼ சுற்று: விகிதம் 3.73 (41, 11 பல்)
தண்டு 41 சுற்று: விகிதம் 4.10 (41, 10 பல்)
தண்டு 42¾ சுற்று: விகிதம் 4.27 (47, 11 பல்)
தண்டு 45½ சுற்று: விகிதம் 4.56 (41, 9 பல்)
தண்டு 48¾ சுற்று: விகிதம் 4.875 (39, 8 பல்)
தண்டு 51¼ சுற்று: விகிதம் 5.125 (41, 8 பல்)
தண்டு 53¾ சுற்று: விகிதம் 5.375 (43, 8 பல்)
தண்டு 61¾ சுற்றுக்குச் சற்றுக் குறைவு: விகிதம் 6.17 (37, 6 பல்)

இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கிச் செய்வதானால், இரு பக்கமும் ஆள் நின்று இரண்டையும் ஒரே திசையில் ஒன்றாகச் சுற்ற வேண்டும். அப்போது சக்கரம் 10 சுற்று, கிரௌனும் 10 சுற்று. ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றிவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால், அது எதிர்த்திசையில் சுற்றும். தண்டு சும்மா நிற்கும். எண்ணுவதற்கு ஒன்றும் இராது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாதபடி டிபரன்ஷியலைப் பூட்டும் அமைப்பு உள்ள வண்டிகளில், ஒற்றைச் சக்கரம் சுற்ற மறுத்தால் இப்படி இரண்டையும் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

பழைய டெம்போ மேட்டடார் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைப் பின்பக்கம் செய்து பயனில்லை. அந்த வண்டிக்கு இழுவை முன் சக்கரத்தில்தான்.

மூன்றாவது வழி: பல்லை எண்ணுதல்

சத்தம் காரணமாகவோ, ஆயில் கசிவு காரணமாகவோ டிபரன்ஷியலைத் திறக்க நேர்ந்தால், அந்தச் சமயத்தில் பற்களை நேரடியாக எண்ணிவிடலாம். ஜீப் வகையில் கூட்டின் பின்மூடியைக் கழற்றினாலே கிரௌன் தெரியும். லாரி மாதிரி ஆக்ஸிலில் பின்மூடி பிரிக்கும்படி இராது. பக்கத்து ஆக்ஸில் ஷாப்ட்டுகளை உருவிவிட்டு, முன்பக்கமாக டிபரன்ஷியலை இறக்க வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவை.

ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, அங்கிருந்து தொடங்கி அங்கேயே முடியும்படி எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணி ஒத்துப் பார்ப்பது நல்லது. பல சமயம் கிரௌனின் விளிம்பிலேயே 39-8 அல்லது 8-39 என்று எண் அடித்திருக்கும். சிறிய எண் பினியன், பெரிய எண் கிரௌன்.

எண்ணியது சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொதுவாக இரண்டு பல் எண்ணிக்கையையும் ஒரே எண்ணால் மீதமின்றி வகுக்க முடியாதபடிதான் தயாரிப்பாளர்கள் அமைக்கிறார்கள். 39-க்கும் 8-க்கும், 47-க்கும் 11-க்கும் அப்படிப் பொதுவான எண் கிடையாது. இதனால் ஒரு பல் மீண்டும் மீண்டும் ஒரே பல்லையே சந்திக்காமல், எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்தித்துச் சீராகத் தேய்கிறது. நீங்கள் எண்ணியதில் 40, 8 என்று வந்தால், ஒரு பல் விட்டுப் போயிருக்கலாம், மறுபடி எண்ணுங்கள்.

பழைய பாகம் வாங்கும்போது

கிரௌன் பினியன் உடைந்து போனால், புதிய சோடி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்கும், பழையது தேடிப் புதுப்பேட்டைக்கும் போகிறோம். கடைக்காரர் முதலில் கேட்பது வண்டியின் பெயர். அடுத்துக் கேட்பது பல் எண்ணிக்கை. வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால், அதே வண்டிக்கு வந்த வேறு விகிதம் கையில் கிடைக்கலாம். கூடு ஒன்றாக இருப்பதால் அது பொருந்தியும் விடும். ரோட்டில் இறங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். கழற்றி மாட்டிய கூலியும் போய், பாகத்தின் விலையும் போய், இரண்டு மூன்று நாள் மார்க்கெட்டும் போகும்.

புதுப்பேட்டையில் முழு ஆக்ஸிலாகக் கிடப்பதை வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் அங்கேயே எண்ணிவிடலாம். ஒரு பக்கத்துச் சக்கர முனையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தண்டு சேரும் முனை எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். இங்கும் 20 சுற்றுச் சுற்றி 10-ஆல் வகுத்தால் கணக்குத் துல்லியமாக இருக்கும். சுற்றும்போது கரகரப்போ, தட்டும் ஓசையோ இருந்தால் அந்தப் பாகம் வேண்டாம்.

கிரௌன் ஒன்றும் பினியன் வேறொன்றுமாகச் சேர்த்து வாங்கவே கூடாது. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சோடியாக்கப்பட்டவை. சோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும். ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பொருத்தும்போது பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியையும், பல் கடிக்கும் இடத்தையும் அளந்து சரி செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். இந்த வகைப் பற்களுக்குக் கம்பெனி புத்தகத்தில் சொல்லிய டிபரன்ஷியல் ஆயிலையே ஊற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றினால் பல் சீக்கிரம் போகும்.

வேறு மாதிரி வண்டியின் ஆக்ஸிலை முழுமையாக மாற்றிப் பொருத்த நினைப்பவர்கள், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றுவதை அது தடை செய்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் விசாரித்துக் கொள்வது நல்லது.

நான்கு சக்கர இழுவை வண்டியா?

நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப், பிக்-அப் ஆகியவற்றில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் 4.27, முன்னால் 5.375 என்று இருக்கும்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சற்றுச் சமாளிக்கும். கெட்டியான தரையில் வழுக்க இடமில்லாமல், கியரோ தண்டின் ஜாயிண்டோ உடையும். பின் டிபரன்ஷியல் மாற்றப்பட்ட பழைய ஜீப்பை வாங்குபவர்கள் முன்பக்கத்தையும் இதே முறையில் எண்ணிப் பார்த்த பிறகே அந்த லீவரைத் தொட வேண்டும்.

கிலோ மீட்டர் மீட்டர் சரியாகக் காட்டுமா?

பழைய வண்டிகளில் கிலோ மீட்டர் மீட்டருக்கான கேபிள், பெரும்பாலும் கியர் பாக்ஸின் பின்புறத்திலிருந்து ஓடுகிறது. அது தண்டின் சுற்றைத்தான் எண்ணும். சக்கரத்தின் சுற்றை அல்ல. ஆகவே டிபரன்ஷியலின் விகிதம் மாறினால் மீட்டரும் தவறாகக் காட்டும்.

5.375-க்குப் பதில் 4.27 பொருத்திய வண்டி உண்மையில் 100 கிலோ மீட்டர் ஓடினால், மீட்டர் சுமார் 79 அல்லது 80 என்று காட்டும். அந்த ஓட்டத்திற்கு 8 லிட்டர் டீசல் செலவானால், உண்மையில் லிட்டருக்கு 12½ கிலோ மீட்டர் கிடைத்திருக்கிறது. மீட்டர் கணக்கிலோ 10 கூட வராது. வண்டி டீசல் குடிக்கிறது என்று நினைத்து நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிடுவோம். இன்னும் ஆபத்தானது வேகம். மீட்டர் 40 என்று காட்டும்போது வண்டி 50-இல் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறாக மாற்றிய வண்டியில், 100 கிலோ மீட்டர் ஓட்டம் 126 என்று தெரியும். மைலேஜ் பிரமாதம் என்று விற்பவர் நம்பிச் சொல்வதும் உண்டு. வாங்குபவர் ஏமாறக் கூடாது. பூவிருந்தவல்லி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையிலோ, அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையிலோ 10 கிலோ மீட்டர் தூரம் கல்லைப் பார்த்து ஓட்டி, மீட்டரோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் விகிதமோ டயர் அளவோ மாறியிருக்கிறது என்று பொருள். டயர் 7 சதவீதம் பெரிதானால், பல் விகிதம் 7 சதவீதம் குறைந்தது போன்ற பலன்தான்.

எந்த விகிதம் யாருக்கு?

நம் பகுதியில் மலை ஏற்றம் கிடையாது. ரோட்டில் ஏற்றம் என்றால் மேம்பாலமும் ஏரிக்கரையும்தான். ஆகவே கீரையும் பூவும் ஏற்றி, தார் ரோட்டிலேயே தினமும் கோயம்பேடு போய் வருபவர்களுக்குச் சிறிய எண் உள்ள விகிதம் சிக்கனமானது. எரு, செங்கல், நெல் மூட்டை ஏற்றி, வயல் வரப்பு வரை இறங்குபவர்களுக்குப் பெரிய எண் வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் நின்ற வண்டியை நகர்த்துவது அதுதான்.

ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிபரன்ஷியலை விகிதத்திற்காக மாற்றுவது, சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாத செலவு. வாங்கும்போதே நம் வேலைக்கு ஏற்ற விகிதம் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவதே லாபம். பழுது ஏற்பட்டால், ஏற்கெனவே இருந்த பல் எண்ணிக்கைக்கே மறுசோடி வாங்கிப் பொருத்த வேண்டும்.

எண்ணிக் கண்டறிந்த விகிதத்தையும் பல் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். டிரைவர் பக்கக் கதவின் உட்புறத்தில் பெயிண்டாலும் எழுதிவிடலாம். நடுவழியில் பழுதாகி நின்றாலும், அறியாத மெக்கானிக்கிடம் விட்டாலும், கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய எண் அப்போது கையில் இருக்கும்.